தெரிந்த ஓட்டையும் அடைபடாத வீடும்

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு சர்க்கார் நடந்து வருகிறது. எந்தப் புரோகிராம் எந்த நினைவுப் பகுதியைத் தொடலாம், எந்தத் தஸ்தாவேஜை யார் படிக்கலாம், யார் திருத்தலாம், எந்தக் காரியம் முதலில் நடக்கவேண்டும், எது காத்திருக்கவேண்டும் என்பவற்றையெல்லாம் கணந்தோறும் தீர்மானிப்பது அந்தச் சர்க்காரே. நிபுணர்கள் அதற்குக் கெர்னல் என்று பெயரிட்டிருக்கின்றனர். கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்பதே அச்சொல்லின் பொருள். திரையில் நாம் காணும் எழுத்தும் படமும், நாம் எழுதும் கடிதமும், நமது பாங்கிக் கணக்கைக் காட்டும் புரோகிராமும் எல்லாம் அந்தச் சர்க்காருக்கு உட்பட்ட பிரஜைகளே. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதைக் கெர்னலிடம் மனுச்செய்து பெறவேண்டுமேயன்றித் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. அச்சர்க்கார் தவறிவிட்டாலோ, அதற்குமேல் அப்பீல் செய்துகொள்ள அந்த யந்திரத்திற்குள் வேறு கோர்ட்டு கிடையாது.

இத்தகைய அதிகார பீடத்தில் ஓட்டை விழுந்தால் என்ன நேரும்? சாதாரணப் பிரஜை ஒருவன் எவரும் அறியாமல் சர்வாதிகாரியாகிவிடலாம். அப்படியானால் ஓட்டையே இல்லாத கெர்னலை எழுதிவிடக் கூடாதா என்று கேட்கலாம். மனிதரால் அது ஆவதில்லை என்பதே இதுவரை கண்ட அனுபவம். லினக்ஸ் என்னும் கெர்னலின் மூலப் பிரதி ஒன்றே மூன்று கோடி வரிகளுக்கு மேற்பட்டது. மூன்று கோடி வரியில் பிழையே இராது என்று எவர்தாம் உறுதி கூற முடியும்? ஆகவே ஓட்டை இருக்கிறதே என்பது நமது புகார் அன்று. ஓட்டை இன்னதென்று தெரிந்து, அதை அடைக்கும் ஒட்டும் தயாராகி, உலகத்தார் அனைவருக்கும் இலவசமாக வழங்கப்பட்ட பின்னரும், அந்த ஒட்டு எளியவன் கையிலுள்ள யந்திரத்தை வந்து சேர்வதில்லையே என்பதுதான் நமது புகார். இதனை ஒரே ஓர் ஓட்டையின் சரித்திரத்தைக் கொண்டு இங்கு விளக்க விரும்புகிறோம்.

1991-ம் ஆண்டில் பின்லாந்து தேசத்தின் ஹெல்ஸிங்கி சர்வகலாசாலையில் மாணவராக இருந்த லினஸ் டார்வால்ட்ஸ் என்பவர் லினக்ஸ் கெர்னலை எழுதத் தொடங்கினார். அதன் மூலப் பிரதியை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். அன்று ஒருவர் பொழுதுபோக்காகத் தொடங்கிய காரியம், இன்று பல தேசத்தவர் ஆயிரக்கணக்கில் கூடிச் செய்யும் பணியாக வளர்ந்துவிட்டது. ஊர் ஏரிக்கரையை ஊராரே கூடிச் செப்பனிடும் குடிமராமத்து முறையை நம்மவர் அறிவர். லினக்ஸ் அத்தகைய முறையில் பராமரிக்கப்படும் ஓர் ஏரி என்று கூறினால் மிகையாகாது. ஆண்ட்ராய்டு டெலிபோன்கள் அனைத்திற்கும் அடியில் இருப்பது அதுவே. உலகின் அதிவேகக் கம்ப்யூட்டர்கள் 500 என்று எடுக்கப்படும் ஜாபிதாவில் உள்ள யந்திரங்கள் எல்லாம் 2017 நவம்பர் முதல் லினக்ஸிலேயே இயங்கி வருகின்றன. ஆகவே அந்த ஏரிக்கரையில் ஒரு வளை விழுந்தால் அதன் கீழுள்ள வயல்கள் எத்தனை என்று எண்ணி முடியாது.

அப்படி விழுந்த வளைகளில் ஒன்றுதான் 'டர்ட்டி கவ்' என்று பெயர் பெற்றது. உலகெங்கும் காணப்படும் ஓட்டைகளுக்கு எண் கொடுத்துப் பதிவு செய்யும் ஸி.வி.இ. என்ற ஜாபிதாவில் அதன் எண் 2016-5195. அழுக்குப் பசு என்று பொருள்படும் இப்பெயர் வேடிக்கையாகத் தோன்றலாம். எழுத முற்படும்போது மட்டும் நகல் எடுத்துக்கொடுக்கும் ஒரு முறை கெர்னலில் உண்டு. அம்முறையின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துக்களைச் சேர்த்தால் பசு என்னும் சொல் வருகிறது, அவ்வளவே.

அந்த முறையையும் அதில் இருந்த பிழையையும் ஒரு கச்சேரியின் ரிகார்டு அறையை உதாரணமாகக் கொண்டு விளக்கலாம். அறையில் மூல தஸ்தாவேஜு ஒன்று இருக்கிறது. பலர் வந்து படிக்கின்றனர். படிப்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி நகல் எடுப்பது வீண் செலவு. ஆதலால் எல்லோரும் மூலத்தையே பார்த்துக்கொள்கின்றனர். ஒருவன் வந்து, "நான் இதில் எழுதவேண்டும்" என்கிறான். மூலத்தில் எழுத அவனுக்கு உரிமையில்லை. குமாஸ்தா உடனே ஒரு நகல் எடுத்து, "இதில் உன் இஷ்டம்போல் எழுதிக்கொள்" என்று சொல்லத் தயாராகிறார். இதனால் எவருக்கும் நஷ்டமில்லை. நகல் எடுத்தாகிவிட்டபடியால் இனி யோசிக்க வேண்டியதில்லை என்று கருதி, தமது குறிப்புச் சீட்டிலிருந்து 'எழுத' என்ற சொல்லை அவர் அடித்துவிடுகிறார். பிழை இங்கேதான். நகலை எடுத்துக் கொடுக்கத் திரும்பும் அந்த இமைப்பொழுதில், வந்தவனுடைய கூட்டாளி, "அந்த நகல் எங்களுக்கு வேண்டாம்" என்று அதைக் கிழித்தெறியச் செய்துவிடுகிறான். குமாஸ்தா பார்க்கிறார், நகலைக் காணோம். சீட்டைப் பார்க்கிறார், அதில் 'எழுத' என்ற சொல்லும் இல்லை. படிக்க வந்தவன் போலும் என்று எண்ணி, மூலத்தையே எடுத்து நீட்டிவிடுகிறார். வந்தவன் அதில் எழுதிவிடுகிறான்!

இது ஆயிரம் முறை முயன்றால் ஒரு முறை பலிக்கக்கூடிய தந்திரமே. ஆனால் கம்ப்யூட்டருக்கு ஆயிரம் முறை என்பது எம்மாத்திரம்? ஓரிரு விநாடியில் முடிந்துவிடும். படிக்க மட்டும் உரிமையுள்ள ஒருவன், யந்திரத்தின் தலைமை அதிகாரிக்குரிய தஸ்தாவேஜுகளைத் திருத்தி, 'ரூட்' எனப்படும் சகல அதிகாரமும் உள்ள ஸ்தானத்தில் தானே அமர்ந்துவிடலாம். இதற்கு அவன் முதலில் ஏதேனும் ஒரு வாயிலால் யந்திரத்திற்குள் நுழைந்திருக்க வேண்டும் என்பது மெய்யே. ஆயினும், வேஷம் போட்டு வரும் ஒரு போலிப் புரோகிராமை நாம் அறியாமல் டெலிபோனில் ஏற்றிக்கொண்டோமானால், அந்த வாயிலும் திறந்ததாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, இத்தந்திரம் நடைபெற்றதற்கான தடயம் யந்திரத்தின் வழக்கமான பதிவேடுகளில் தென்படுவதில்லை.

இப்பிழையின் வயதைக் கேட்டால் வாசகர்கள் வியப்படைவர். டார்வால்ட்ஸே 2005-ம் ஆண்டில் இதனைக் கண்டு ஓர் ஒட்டுப் போட்டார். அந்த ஒட்டு, எஸ்390 என்ற வகையைச் சேர்ந்த பெரிய யந்திரங்களில் தொல்லை விளைத்தபடியால் திரும்பப் பெறப்பட்டது. ஏட்டளவில் மட்டுமே சாத்தியமான அபாயம் என்று அக்காலத்தில் எண்ணப்பட்டது. பிறகு கெர்னலின் உள்ளமைப்பு மாறியது. ஏட்டளவில் இருந்த அபாயம் கைக்கெட்டும் அபாயமாயிற்று. 2007-ம் ஆண்டில் வெளிவந்த பதிப்பு முதலாக ஒன்பது ஆண்டுக் காலம், உலகம் முழுதும் கண்ணால் காணக்கூடிய ஒரு மூலப் பிரதியில், அப்பிழை யாருடைய கண்ணிலும் உறுத்தாமல் இருந்து வந்தது.

அதைக் கண்டவர்களுள் முந்திக்கொண்டவர் யார்? திருடர்கள்தாம். 2016-ம் ஆண்டில், பில் ஓஸ்டர் என்னும் நிபுணர், தமது பொறுப்பிலிருந்த ஸர்வர் யந்திரம் தாக்கப்பட்டதை ஆராய்ந்தார். அந்த யந்திரத்திற்குள் வந்த செய்திகளையெல்லாம் சேமித்து வைக்கும் நல்ல வழக்கம் அவரிடம் இருந்தது. அச்சேமிப்பிலிருந்துதான் தாக்கியவர்களின் ஆயுதம் அகப்பட்டது. செய்தி கெர்னல் பராமரிப்பாளர்களை எட்டியது. அவ்வாண்டு அக்டோபர் 18-ந் தேதி டார்வால்ட்ஸ் தாமே ஒட்டுப் போட்டார். இரண்டு நாட்களுக்குள் திருத்திய பதிப்புகள் வெளியாயின. அந்த ஒட்டு இருபது வரிகளுக்கும் குறைவானதே. குமாஸ்தா 'எழுத' என்ற சொல்லை அடிக்கக் கூடாது. நகல் எடுத்தாயிற்று என்று தனியே ஒரு குறி இட்டுக்கொள்ள வேண்டும். கொடுக்குமுன் அந்த நகல் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சாராம்சம் இவ்வளவே. பதினோராண்டுகளுக்கு முன் தாம் போட்ட ஒட்டு சரியாக அமையவில்லை என்பதையும் அவர் அந்தத் திருத்தக் குறிப்பிலேயே எழுதிவைத்தார். அதிகாரத்தில் இருப்போர் தங்கள் பழைய குறையைப் பகிரங்கப் பதிவேட்டில் எழுதிவைக்கும் வழக்கம் உலகில் அபூர்வமாயிருப்பதால், இதனை நாம் எடுத்துக்காட்டுகிறோம்.

இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் உண்மையில் இங்கேதான் அது தொடங்குகிறது.

பெரிய ஸ்தாபனங்களின் ஸர்வர்களுக்கு லினக்ஸ் வழங்கும் கம்பெனிகளும் சங்கங்களும் சில நாட்களிலேயே ஒட்டை அனுப்பிவிட்டன. டெலிபோன்களின் நிலை என்ன? கெர்னல் பராமரிப்பாளர்களிடமிருந்து கூகிள் கம்பெனிக்கு வரவேண்டும், அங்கிருந்து சில்லு செய்யும் கம்பெனிக்கு, அங்கிருந்து டெலிபோன் செய்யும் கம்பெனிக்கு, சில தேசங்களில் அதற்கப்பால் கம்பியில்லாத் தொடர்பு நடத்தும் கம்பெனிக்கு, இறுதியில்தான் உபயோகிப்பவருக்கு. மடை திறந்து விட்ட தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருமுன் எத்தனை வாய்க்காலில் தேங்குமோ அத்தனையிலும் இந்த ஒட்டும் தேங்குகிறது. விற்றுத் தீர்ந்த பழைய மாதிரிக்கு ஒட்டுத் தயாரிப்பதில் தயாரிப்பாளருக்கு லாபம் கிடையாது. புதிய டெலிபோனை விற்பதில்தான் லாபம் உண்டு. எனவே விலையுயர்ந்த டெலிபோன் வைத்திருப்பவருக்கு ஒட்டு முதலில் வருகிறது, மலிவான டெலிபோன் வாங்கியவருக்குத் தாமதித்து வருகிறது, அல்லது வருவதேயில்லை.

இதன் பலன் 2017 செப்டம்பரில் வெளிப்பட்டது. டர்ட்டி கவ் ஓட்டையை ஆண்ட்ராய்டு டெலிபோன்களில் பயன்படுத்தும் 'ஸெட்.என்.ஐ.யூ.' என்ற நச்சுப் புரோகிராமைக் கண்டதாக டிரெண்டு மைக்ரோ கம்பெனியார் அறிவித்தனர். 40-க்கு மேற்பட்ட தேசங்களில் அது பரவியிருந்தது. அகப்பட்டவர்கள் 5,000 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் சீனாவிலும் இந்தியாவிலும் இருந்தனர். எண்ணிக்கை சிறிதென்று கூறலாம். எண்ணிக்கை அன்று நாம் கவனிக்க வேண்டியது. ஒட்டுத் தயாராகிப் பதினோரு மாதம் கழிந்த பின்னர், அதே ஓட்டையின் வழியாகத் திருடன் புகுந்தான் என்பதே கவனிக்கத்தக்கது. ஒட்டு உலகில் இருந்தது. அவர்களுடைய டெலிபோனில் இல்லை.

அதே ஆண்டு நவம்பர் இறுதியில் மற்றொரு செய்தியும் வெளியாயிற்று. 2016-ல் போட்ட ஒட்டிலும் ஒரு சிறு இடைவெளி இருந்தது. பெரிய அளவான நினைவுப் பக்கங்களைக் கையாளும் இடத்தில் அது குறையுடையதாயிருந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். மீண்டும் ஒட்டுப் போடப்பட்டது. ஆகவே ஒட்டுப் போடுவது ஒரு நாளில் முடிந்துபோகும் காரியம் அன்று. ஏரிக்கரையை ஆண்டுதோறும் பார்ப்பது போல ஓயாமல் நடக்கவேண்டிய பராமரிப்பு அது.

இதில் இன்னும் கூர்ந்து நோக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒட்டு வெளியாகும் நாளில் நல்லவர் மட்டுமா அதைப் படிக்கின்றனர்? பழைய பிரதியையும் புதிய பிரதியையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்பது எந்தத் திருடனுக்கும் விளங்கிவிடும். இன்ன வீட்டின் பின்கதவுக்குத் தாழ் இல்லை என்று தெருவில் பறையடித்து அறிவித்ததற்கு ஒப்பாகும் அது. தாழை உடனே போட்டுக்கொண்டவருக்கு நன்மை. போடாதவருக்கு முன்னிருந்ததைக் காட்டிலும் அதிக அபாயம். ஆதலால் அறிவிப்புக்கும் அடைப்புக்கும் இடையே கழியும் ஒவ்வொரு நாளும் எளியவன் தலையில் விழும் கடனாகிறது.

இக்கடனின் அளவை 2017-ம் ஆண்டில் உலகம் கண்டது. மைக்ரோஸாப்ட் கம்பெனியின் விண்டோஸில், யந்திரங்கள் தஸ்தாவேஜுகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் பகுதியொன்று கெர்னலின் அதிகாரத்துடனேயே ஓடுகிறது. அதிலிருந்த ஓட்டைக்கு அவ்வாண்டு மார்ச் 14-ந் தேதி ஒட்டு வெளியாயிற்று. மே 12-ந் தேதி, அதாவது 59 நாள் கழித்து, 'வானாகிரை' என்னும் கொள்ளைப் புரோகிராம் அதே ஓட்டையின் வழியாக 150 தேசங்கள் வரை பரவி, தஸ்தாவேஜுகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் பொது வைத்திய சர்வீஸைச் சேர்ந்த ஸ்தாபனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாதிக்கப்பட்டன, நோயாளிகள் திருப்பியனுப்பப்பட்டனர். அந்த நோயாளிகள் செய்த குற்றம் என்ன? அவர்களுடைய ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவர் ஒட்டுப் போடத் தாமதித்தார், அவ்வளவே.

அந்த ஓட்டையின் பூர்வோத்தரம் இன்னும் வருந்தத்தக்கது. அதைத் தாக்கும் ஆயுதம் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு ஏஜென்ஸியிடமிருந்து திருட்டுப் போனது என்று மைக்ரோஸாப்டின் தலைவர் பிராட் ஸ்மித் பகிரங்கமாகவே கூறினார். சர்க்கார்கள் ஓட்டைகளைக் கண்டும் தயாரிப்பாளரிடம் சொல்லாமல் ஆயுதமாகச் சேர்த்துவைக்கும் வழக்கத்தை அவர் கண்டித்தார். கண்டனம் நியாயமானதே. தன் பிரஜைகளின் வீட்டுக் கதவிலும் அதே ஓட்டை இருக்கிறது என்பதை அறிந்தும், பகைவன் வீட்டில் நுழைவதற்காக அதை மறைத்துவைக்கும் சர்க்கார், தன் ஜனங்களுக்குப் பாதுகாப்பளிப்பதாக எந்த முகத்தோடு கூறிக்கொள்ளும்?

ஒரு சாரார் இதற்கு மறுப்புக் கூறுவர். "ஒட்டிலும் ஆபத்து உண்டு. 2024 ஜூலை 19-ந் தேதி, கெர்னலின் அதிகாரத்துடன் ஓடும் தன் காவல் புரோகிராமுக்கு கிரவுட்ஸ்டிரைக் என்ற கம்பெனி அனுப்பிய பிழையான புதுப்பிப்பினால், விண்டோஸ் யந்திரங்கள் ஏறத்தாழ 85 லட்சம் ஒரே நாளில் முடங்கவில்லையா? விமானங்கள் நிற்கவில்லையா?" என்பர். மெய்தான். ஆனால் அந்தச் சம்பவம் கற்பிக்கும் பாடம், ஒட்டே வேண்டாம் என்பதன்று. முதலில் சில யந்திரங்களில் போட்டுப் பார்த்து, பிறகு பலவற்றில் போடவேண்டும் என்பதே. மருந்தினால் ஒருவருக்குக் கெடுதி நேர்ந்ததென்று வைத்தியத்தையே விட்டுவிடுவார் உண்டோ? யந்திரத்தை நிறுத்தித் திரும்ப ஓட்டவேண்டியிருக்கிறதே என்ற மற்றொரு ஆட்சேபமும் முன்போல் வலுவுள்ளதன்று. ஓடும் கெர்னலை நிறுத்தாமலே ஒட்டுப் போடுவதற்கான அடிப்படை வசதி 2015-ல் வெளிவந்த 4.0 பதிப்பிலேயே லினக்ஸில் சேர்ந்துவிட்டது.

மற்றொரு சாரார், "மூலப் பிரதியை ஊரறியத் திறந்துவைத்ததால் வந்த வினை இது, மூடிவைத்திருந்தால் திருடன் எப்படி அறிவான்?" என்பர். டர்ட்டி கவ் திறந்த வீட்டில் ஒன்பது ஆண்டு இருந்தது. வானாகிரை புகுந்த ஓட்டை மூடிய வீட்டில் இருந்தது. இரண்டையும் திருடன் கண்டுகொண்டான். ஆகவே திறந்திருப்பதே காவலும் அன்று. மூடியிருப்பதே காவலும் அன்று. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. திறந்த வீட்டில் பிழை எப்பொழுது புகுந்தது, யார் திருத்த முயன்றார், ஏன் திரும்பப் பெறப்பட்டது என்பன எல்லாம் எவரும் படிக்கும்படி பதிவில் இருக்கின்றன. கேள்வி கேட்க நமக்கு ஆதாரம் இருக்கிறது. மூடிய வீட்டில், வீட்டுக்காரர் சொன்னதை நம்புவதன்றி வேறு வழியில்லை.

எனவே பரிகாரம் எங்கே? கெர்னல் எழுதும் நிபுணர் தம் கடமையைச் செய்தார். இருபது வரியில், இரண்டு நாளில், இலவசமாகச் செய்தார். தவறியது நடுவிலுள்ள வாய்க்கால்கள். லாபமில்லாத காரியத்தைக் கம்பெனிகள் தாமாகச் செய்யா என்பது பழைய அனுபவம். சட்டம் வேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அமுலுக்கு வந்த சட்டம், இன்டர்நெட்டோடு இணையும் பொருள்களை விற்போர், எத்தனை காலம் பாதுகாப்பு ஒட்டு வழங்குவோம் என்பதை வாங்குவோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. ஐரோப்பிய யூனியன் அதற்கும் மேற்சென்றது. 2024 டிசம்பர் 10-ல் அமுலுக்கு வந்த அதன் சட்டம், பொருளின் உபயோக காலத்தை அனுசரித்துப் பொதுவாக ஐந்தாண்டுக்குக் குறையாமல் ஓட்டைகளை அடைத்துத் தரும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் சுமத்துகிறது. பெரும்பாலான விதிகள் 2027 டிசம்பர் 11 முதல் செல்லும் என்பது அச்சட்டத்தின் ஏற்பாடு. மருந்துப் புட்டியில் காலாவதித் தேதி அச்சிடுவது எவ்வளவு சாதாரணமோ, அவ்வளவு சாதாரணமாக ஒவ்வொரு டெலிபோன் பெட்டியிலும் ஒட்டு வழங்கும் இறுதித் தேதி அச்சிடப்பட வேண்டும். ஸெட்.என்.ஐ.யூ.வுக்கு இரையானோர் மிகுதியாயிருந்த தேசங்களில் நமது தேசமும் ஒன்று என்பதால், இதனைக் கேட்கும் உரிமை ஐரோப்பியருக்கு உள்ளதில் ஓர் அணுவும் நமக்குக் குறைவன்று.

சட்டம் வரும்வரை நாம் கைகட்டியிருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு டெலிபோனில், அமைப்புகள் என்ற பகுதியில், பாதுகாப்பு ஒட்டு எந்தத் தேதி வரையிலானது என்று எழுதியிருக்கும். வாசகர்கள் தத்தம் டெலிபோனில் அதைப் பார்க்கவேண்டும். பெற்றோருடையதையும், எழுத்தறியாத அயலாருடையதையும் பார்த்துக் கொடுக்கவேண்டும். அந்தத் தேதி சில மாதங்களுக்குள் இருந்தால் நன்று. ஆண்டுகள் கடந்திருந்தால், புதிய ஒட்டு வந்திருந்தும் ஏற்றாமலிருக்கிறோமா என்று முதலில் பார்க்கவேண்டும். வரவேயில்லை என்றால் விற்றவரிடம் எழுத்து மூலம் கேட்கவேண்டும். தொழிற்சங்கங்களும், கூட்டுறவு ஸ்தாபனங்களும், கட்சிக் காரியாலயங்களும் தங்கள் கம்ப்யூட்டர்களுக்கு ஒட்டுப் போடும் பொறுப்பை இன்னாருடையது என்று பெயர் குறித்து ஒப்படைக்கவேண்டும். அங்கத்தினர் ஜாபிதாவும் சந்தாக் கணக்கும் அந்த யந்திரங்களில்தானே இருக்கின்றன? எல்லோருடைய பொறுப்பு என்று விட்டது எவருடைய பொறுப்பும் ஆகாது.

ஓட்டை விழுவது மனித சகஜம். அதை அடைக்க அறிந்தோரும் உலகில் இருக்கின்றனர். அறிந்தோர் அடைத்ததை அறியாதார் வீடு வரை கொண்டுசேர்க்க ஒரு சமூகத்துக்கு மனமிருக்கிறதா என்பதே கேள்வி. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் விவசாயி வாய்க்காலைப் பார்க்கக் கிளம்புகிறான். வழியில் அடைத்திருப்பவனைக் கேட்கிறான். நாமும் கேட்போமாக.